மே, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்: அம்மா எப்போது வருவது?

தென்காசியிலிருந்து அம்மா பேசும்போதெல்லாம் இப்போது ஒரே கேள்விதான். "டிக்கெட் எப்போய்யா போடப் போற?" அடுத்த வருடம் அம்மாவும் அப்பாவும் இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ரெடிங்குக்கு வந்து ஐந்து வாரம் எங்களோடு இருக்கப் போகிறார்கள். விசா வந்தாயிற்று. மாதம்தான் முடிவாகவில்லை. "கோடைக்காலமா பார்த்துப் போடு, எனக்குக் குளிர் ஆகாது" என்று அப்பா சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறவனிடம் பிரிட்டனில் கோடை எப்போது என்று கேட்டால் சட்டென்று பதில் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

மெட் ஆபீஸ் எனப்படும் இந்நாட்டு வானிலை அலுவலகத்தின் கணக்கில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் கோடை. காலண்டருக்கு அது சரி. எங்கள் வீட்டு வாசலில் நடப்பது வேறு. காலை எட்டரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் மகளுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. பதினொரு மணிக்கு அது இடுப்புக்குப் போய்விடும். மூன்றரைக்குக் கூட்டி வரப் போனால் தலையெல்லாம் நனைந்து நிற்பாள். ஐந்து மணிக்குத் தோட்டத்தில் செருப்பில்லாமல் ஓடுவாள், வெயில் கண்ணைக் கூசும். இத்தனையும் ஒரே ஜூன் செவ்வாய்க்கிழமையில்.

ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்கிய மூன்று முறையையும் யோசித்துப் பார்த்தேன். ஏதாவது பிடி கிடைக்கும் என்று நினைத்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

முதல் முறை, 2022 ஜூலையில், அம்மாவும் அப்பாவுமே வந்தார்கள். பெட்டி நிறைய கம்பளித் துணி. அந்த ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷையரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் வெப்பம் 40ஐத் தாண்டியது அதுவரை நடக்காத ஒன்று. எங்கள் பக்கம் சில டிகிரி குறைவு, அவ்வளவுதான். இங்குள்ள வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டியவை. ஏசி கிடையாது, கூரையில் மின்விசிறி கிடையாது. மேசை விசிறி வாங்கக் கடை கடையாக அலைந்தேன், எல்லா அலமாரியும் காலி. தண்டவாளம் வளைந்துவிடும் என்று ரயில்களை மெதுவாக ஓட்டினார்கள். இங்கே தண்டவாளத்தை 27 டிகிரியை மனதில் வைத்துத்தான் இழுத்துப் பொருத்துவார்களாம். அன்று தென்காசியில் சாரல். சித்தி அங்கிருந்து போன் பண்ணி, "இங்க ஜிலுஜிலுன்னு இருக்குக்கா" என்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு நாளை நாங்கள் தாண்டியது அம்மாவால்தான். காலை ஏழு மணிக்கே எல்லா ஜன்னலையும் அடைத்து, திரையை இழுத்துவிட்டு, இருட்டு விழுந்த பிறகுதான் திறக்கவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் காற்று வரட்டும் என்று பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மாமியார். அதே ஜூலை. 2023 ஜூன், பிரிட்டன் பதிவுகளில் இருப்பதிலேயே மிக வெப்பமான ஜூன். தினமும் என் மனைவி அனுப்பிய தோட்டத்துப் படங்களைப் பார்த்துவிட்டு அவர் பருத்திப் புடவையாக அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கிய வாரத்தில் மழை பிடித்தது. அந்த ஜூலை, 1836 முதல் உள்ள பதிவுகளில் ஆறாவது அதிக மழை பெய்த ஜூலை ஆனது. மனுஷி என் பழைய ஜாக்கெட்டில்தான் லண்டன் பார்த்தார்.

மூன்றாவதாகத் தம்பி, 2023 செப்டம்பரில். மழை இருக்கும், குளிரும் என்று நானே எச்சரித்து அனுப்பியிருந்தேன். அவன் வந்த வாரம் நாட்டின் ஏதோ ஒரு பகுதியில் தொடர்ந்து ஏழு நாள் 30 டிகிரியைத் தாண்டியது. செப்டம்பரில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. பெங்களூரில் புதிதாக வாங்கிய கோட்டு மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது.

இதற்குப் பின்னால் இருப்பது காற்று. தென்காசிக்காரனுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நமக்கு ஜூன் முதல் மூன்று மாதம் ஒரே காற்று. மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து, சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். என்ன வரும், எந்தத் திசையிலிருந்து வரும் என்பதில் சந்தேகமே கிடையாது. பிரிட்டனுக்கு அப்படி ஒரு சொந்தக் காற்று இல்லை. ஒரு பக்கம் அட்லாண்டிக், இன்னொரு பக்கம் ஐரோப்பியப் பெருநிலம். வடமேற்கிலிருந்து கிரீன்லாந்துப் பக்கத்துக் குளிர்காற்று வந்தால் பளிச்சென்ற காலை, மதியத்துக்கு மேல் மழை. தென்மேற்கிலிருந்து வந்தால் வெதுவெதுப்பு, மூட்டம், தூறல். தெற்கே ஸ்பெயின், ஆப்பிரிக்கா பக்கமிருந்து வந்தால் 2022 போல வேகும். எது வரும் என்பதை முடிவு செய்வது ஜெட் ஸ்ட்ரீம், அதாவது பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து ஓடும் வேகக் காற்று. அது நாட்டுக்கு வடக்கே தள்ளிப் போனால் வெயில், தெற்கே இறங்கினால் மழை. 2023இல் ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையே நடந்தது இந்த இடமாற்றம்தான். ஆறு மாதம் முன்னால் டிக்கெட் போடுகிறவனுக்கு அது எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் மழையை வைத்து மாதத்தைப் பிடிக்க முடியாது. தென்கிழக்கு இங்கிலாந்தின் சராசரிகளை எடுத்துப் பார்த்தபோது இது இன்னும் தெளிவானது. மே முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 45 முதல் 60 மில்லிமீட்டர். மழை விழும் நாட்களும் மாதத்துக்கு எட்டு வாக்கில்தான், ஐந்து மாதமும் ஒரே மாதிரி. ஜூனில் குறைவு, ஆகஸ்டில் கூடுதல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசமே இல்லை. இன்னொன்று, லண்டனில் வருடம் முழுவதும் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் 1,400. ஊரில் யாரும் இதை நம்ப மாட்டார்கள். நம் மழை கொட்டிவிட்டுப் போகிறது, இந்த மழை போகாமல் வாசலிலேயே நின்று யோசிக்கிறது.

மழை கைவிட்டால் எதை வைத்து முடிவெடுப்பது? எனக்குத் தோன்றியது, வெளிச்சம். பிரிட்டன் கோடையில் முன்கூட்டியே தேதி போட்டுச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான். ஜூன் 21இல் எங்கள் ஊரில் காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், சூரியன் மறைய இரவு 9.25 ஆகும். பகல் மட்டும் பதினாறரை மணி நேரம். ஆகஸ்ட் நடுவில் எட்டரை மணிக்குச் சூரியன் போய்விடும். செப்டம்பர் 20இல் ஏழு மணிக்கு. இதன் லாபம், மழை வந்தாலும் நாள் வீணாவதில்லை என்பது. மதியம் இரண்டு முதல் ஐந்து வரை மழை பிடித்தாலும் ஜூனில் இன்னும் நாலரை மணி நேர வெயில் பாக்கி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வரலாம். செப்டம்பரில் அதே மழை பெய்தால் நாள் முடிந்தது.

அம்மாவுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. போன முறை வந்தபோது விளக்கு வைக்கும் நேரம் எது என்று ஒரு வாரம் குழம்பினாள். ஒன்பது மணி வரை காத்திருந்து பார்த்தாள், வாசலில் பளீரென்று வெயில். "இந்த ஊர்ல லெட்சுமி எப்போதான் வருவா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் கடிகாரத்தைப் பார்த்து ஆறரைக்கு ஏற்ற ஆரம்பித்தாள். அப்பாவுக்கு விடிகாலை நாலு மணிக்குக் கத்தும் குருவிகள் பெரும் தொல்லை. படுக்கை அறைக்குக் கனமான திரை வாங்கி மாட்ட வேண்டும், அதை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறேன்.

சரி, மாதங்களுக்கு வருகிறேன்.

செப்டம்பரை முதலில் கழித்துவிட்டேன். தம்பிக்கு அடித்தது அதிர்ஷ்டம், அதை நம்பி எழுபத்துமூன்று வயதுக்காரரை வரவழைக்க முடியாது. பகல் வேகமாகக் குறையும் மாதம் அது. தவிர, விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் ஆகஸ்ட் கடைசியில் திரும்புவார்கள், பின்னாலேயே மாணவர்கள் வருவார்கள். இந்தியாவிலிருந்து இங்கே வரும் டிக்கெட் அப்போது தாறுமாறாக ஏறும்.

ஆகஸ்டுக்கு ஒரு பெரிய ஈர்ப்பு இருக்கிறது. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவில் தேர் ஆகஸ்டில்தான். மேற்கு லண்டன் தெருவில் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுக்க, பாதையோரத்தில் தேங்காய் சிதற, அம்மன் வருவதைப் பார்த்தால் அம்மா வேறு எதையும் பார்க்காவிட்டாலும் கவலைப்பட மாட்டாள். பேரப்பிள்ளைகளுக்கும் பள்ளி கிடையாது. ஜூலை கடைசி வாரத்தில் தொடங்கும் ஆறு வார விடுமுறை ஆகஸ்ட் முழுக்க ஓடும். இந்த இரண்டுக்காக ஆகஸ்டை எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஆனால் அதே விடுமுறைதான் அதன் குறையும். நாடே விடுமுறையில் இருப்பதால் கடற்கரை ஊர்களில் அறை வாடகை ஏறிக் கிடக்கும், காரை நிறுத்த இடம் தேடியே அரைநாள் போகும். ஆகஸ்ட் கடைசித் திங்கள் பொது விடுமுறை. அன்று மழை பெய்யாவிட்டால் இங்குள்ளவர்களுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஆகஸ்ட் என்று வாய் திறந்தால் 1976க்குப் போய்விடுவார். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அந்தக் கோடையில் வறட்சி முற்றி, ஆகஸ்ட் கடைசியில் டெனிஸ் ஹோவெல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராகப் போட்டார்கள். அவர் பதவியேற்ற சில நாட்களிலேயே மழை கொட்டத் தொடங்கியது. பெரியவர் இதை என்னிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறார், நான்கு முறையும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலைதான் சராசரியில் அதிக வெப்பம். தென் இங்கிலாந்தில் பகலில் 23, 24 டிகிரி. அப்பாவின் ஒரே நிபந்தனை குளிர் கூடாது என்பதால் பார்த்த மாத்திரத்தில் ஜூலைதான் ஜெயிக்க வேண்டும். ஜூலை 15 செயின்ட் சுவிதின் நாள். அன்று மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும், வெயில் அடித்தால் நாற்பது நாள் அடிக்கும் என்பது இங்குள்ள பழைய நம்பிக்கை. பதிவுகள் உள்ள காலத்தில் ஒருமுறைகூட நாற்பது நாளும் அப்படியே பலித்ததில்லை. ஆனாலும் அதில் ஒரு பொடி உண்மை இருக்கிறது. ஜூலை நடுவில் ஜெட் ஸ்ட்ரீம் எங்கே நிற்கிறதோ, அங்கேயே சில வாரம் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. அதாவது ஜூலையில் வருவது சூதாட்டம் மாதிரி. விழுந்தால் ஐந்து வாரமும் விழும், போனால் ஐந்து வாரமும் போகும். எங்கள் வீட்டிலேயே ஒரு ஜூலையில் வெந்தோம், அடுத்த ஜூலையில் நனைந்தோம்.

மே கடைசியும் ஜூனும் அப்படி ஒரே பக்கமாகச் சாய்வது குறைவு என்பது என் அனுபவம். பகலில் மே கடைசியில் 18, 19 டிகிரி, ஜூனில் 21. காலையில் குளிரும், அதை மறைக்கப் போவதில்லை. மேயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020 மே, பிரிட்டன் பதிவுகளிலேயே அதிக வெயில் அடித்த மாதம். அடுத்த வருட மேயில் வேல்ஸ் பகுதியில் அதுவரை இல்லாத மே மழை. ஆனால் கூட்டம் இல்லை, நாலு மணி ஆனதும் இருட்டிவிடுமோ என்ற பயம் இல்லை, மரங்கள் இலை விட்டுப் புத்தம் புதிதாக நிற்கும். கத்திரியின் கடைசி வாரத்தில் அம்மா ஊரைவிட்டுக் கிளம்பிவிடலாம். ஜூன் கடைசியில் திரும்பினால் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்திருக்கும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, அம்மாவே சொன்னாள்: "ஆடிக்கு நான் இங்க இருக்கணும்யா. சாரலை விட்டுட்டு அங்க வந்து சாரலைப் பார்க்கவா?"

ஜூனுக்கு எதிராக இரண்டு வாதம். ஒன்று என் மனைவியுடையது. புல் மகரந்தம் உச்சத்துக்குப் போவது ஜூனிலும் ஜூலை தொடக்கத்திலும்தான். அவளுக்கு ஹே ஃபீவர், அந்த ஆறு வாரமும் தும்மிக்கொண்டே சமைப்பாள். விருந்தினர் இருக்கும்போது அது கஷ்டம் என்பது நியாயமான புகார். சமையலை நான் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இன்னொன்று அப்பாவுடையது. அப்பாவுக்கு இங்கிலாந்து வானிலையில் உள்ள அறிவு முழுவதும் கிரிக்கெட் வழியாக வந்தது. "ஜூனா? ஜூனை நம்பாதே" என்றார். வரிசையாகச் சாட்சி வைத்தார். 2013 ஜூன் 23, எட்ஜ்பாஸ்டனில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். ஐம்பது ஓவர் ஆட்டம் மழையால் இருபதாகச் சுருங்கி, நம் அஸ்வின் கடைசி ஓவரைப் போட்டு ஐந்து ரன்னில் ஜெயித்தோம். 2019 ஜூன் 13, டிரென்ட் பிரிட்ஜில் நியூசிலாந்துடன் உலகக்கோப்பை ஆட்டம். டாஸ்கூடப் போடவில்லை. 2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி. முதல் நாளும் நான்காம் நாளும் ஒரு பந்துகூட வீசாமல் போய், கூடுதல் நாளில் ஆடித் தோற்றோம். மான்செஸ்டர் அரையிறுதியை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். 2019 ஜூலை 9இல் தொடங்கி மழையால் மறுநாளுக்குப் போன ஆட்டம் அது. தோனி ரன் அவுட் ஆனதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: பெரிய ஆட்டங்களை ஜூனில் வைப்பதால் ஜூன் மழைதான் உங்கள் கண்ணில் படுகிறது. ஆகஸ்டில் வைத்திருந்தால் ஆகஸ்டைத் திட்டியிருப்பீர்கள். விம்பிள்டனைப் பாருங்கள், ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் நடக்கிறது, மழைக்குப் பயந்து 2009இல் சென்டர் கோர்ட்டுக்கு மூடித் திறக்கும் கூரை போட்டார்கள், 2019இல் ஒன்றாம் எண் கோர்ட்டுக்கும் போட்டார்கள். மழையால் நின்ற ஆட்டத்துக்குக் கணக்குப் போட ஒரு முறையைக் கண்டுபிடித்த டக்வொர்த்தும் லூயிஸும் இங்கிலாந்துக்காரர்கள்தானே. வேறு எந்த ஊர்க்காரனுக்கு அந்தத் தேவை வந்திருக்கும்? அப்பா இதற்குப் பதில் சொல்லவில்லை. "லார்ட்ஸ் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாதம் பிடிபட்டதும் அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் சுற்றிக் காட்டுவது என்பது. மழை விஷயத்தில் மாதங்களுக்கு இடையே இல்லாத வித்தியாசம் இடங்களுக்கு இடையே இருக்கிறது. அதுவும் சாதாரண வித்தியாசம் இல்லை. மேற்கே மலை, கிழக்கே சமவெளி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் மேற்கு மலைகளில் ஏறும்போதே கொட்டித் தீர்த்துவிடும், மிச்சம்தான் கிழக்கே வரும். நம் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளமும் இந்தப் பக்கம் நாமும் இருக்கிற கதைதான். வடமேற்கு இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளுமான லேக் டிஸ்ட்ரிக்டில் சீத்வெயிட் என்ற சின்ன ஊரில் வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். எசெக்ஸ் கடற்கரையில் 500 வாக்கில். இரண்டுக்கும் நடுவே காரில் ஒரு பகல் தூரம்.

இதைப் பார்த்தால் கிழக்கே போவதுதான் புத்தி என்று தோன்றும். நானும் முன்பு அப்படித்தான் நினைத்து ஒரு மே கடைசியில் குடும்பத்தோடு யார்க்‌ஷையர் விட்பிக்குப் போனேன். உள்நாட்டில் வெயில் எரிக்க, கடற்கரையில் மட்டும் வெள்ளையாக மூடுபனி. பக்கத்தில் நின்ற மகளின் முகம் மங்கலாகத் தெரிந்தது, கடல் சத்தமாக மட்டும் இருந்தது. அங்கே அதை ஃபிரெட் என்கிறார்கள், ஸ்காட்லாந்துப் பக்கம் ஹார். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வடகடல் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று வந்தால் பனி மூடிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் கடல் சூடேறிய பிறகு இந்தத் தொல்லை குறையும்.

மேற்குக்கு இது தலைகீழ். லேக் டிஸ்ட்ரிக்டுக்கும் மேற்கு ஸ்காட்லாந்துக்கும் வருடத்திலேயே காய்ந்த காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். ஜூலைக்கு மேல் மழை ஏறும். ஸ்காட்லாந்தில் மிட்ஜ் என்ற கொசுவைவிடச் சின்னப் பூச்சி மே கடைசியிலிருந்து கிளம்பி ஜூலை, ஆகஸ்டில் மனிதனை நிற்க விடாது. ஆக மே, ஜூனில் வருகிறவர்களுக்கு மேற்கு, ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு நார்ஃபோக், சஃபோக் போன்ற கிழக்குக் கரை. சுற்றுலாப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் "கோடையில் செல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. எனக்கு இது தெரிய விட்பியில் இரண்டு ராத்திரி வாடகை செலவானது.

எந்த மாதமானாலும் நம்பலாம் என்று சொல்வதற்கு ஒரு இடம் உண்டு, தெற்குக் கரை. ஈஸ்ட்போர்ன் பக்கம். பிரிட்டனில் ஒரே மாதத்தில் அதிக வெயில் பதிவானது அங்கேதான், 1911 ஜூலையில் 383.9 மணி நேரம். அதற்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறது, தினசரி வாழ்க்கைக்கும் உதவும். காலையில் தரை சூடேறச் சூடேற உள்நாட்டில் பஞ்சுப் பொதியாக மேகம் கிளம்பும். மதியத்துக்குள் கறுத்து, இரண்டு மூன்று மணிக்குக் கொட்டும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடேறாததால் கரையில் மேகம் கட்டாது. அதனால்தான் நாங்கள் வீட்டில் மழையில் நிற்கும்போது கடற்கரையிலிருந்து நண்பர்கள் கூலிங் கிளாஸோடு படம் அனுப்புகிறார்கள். வானிலை அறிக்கையில் "ஷவர்ஸ்" என்று வந்தால் இந்த வகை. காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், முடிந்தால் கடலை நோக்கி. "ரெயின்" என்று வந்தால் அது வேறு, பெரிய மேகக் கூட்டமாக வந்து மணிக்கணக்கில் பெய்யும். அன்றைக்கு மியூசியம், இல்லாவிட்டால் வீட்டில் பஜ்ஜி. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஊரில் இரண்டையும் மழை என்றுதானே சொல்லுவோம்.

மழைக்கோட்டா குடையா என்ற விவாதம் எங்கள் வீட்டில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இங்கே மழையோடு காற்றும் வரும். ஒரு சுழற்றில் குடை மேலே திரும்பிக் கம்பி நீட்டும். அதனால் இங்குள்ளவர்கள் தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சிறந்தது என்பார்கள். அப்பாவுக்கு அது சரி. அம்மாவுக்குச் சரிவராது. புடவைக்கு மேல் முட்டி வரை கோட்டைப் போட்டால் கொசுவம் முழுக்க நனைந்து கனத்துவிடும், கொண்டைக்கு மேல் தொப்பியும் நிற்காது. அம்மாவுக்கு ஊரிலிருந்தே நல்ல கட்டைக் கைப்பிடிக் குடை, அப்பாவுக்கு இங்கே கோட்டு. கம்பளி மூட்டை வேண்டாம், மெல்லிய ஸ்வெட்டர் இரண்டு போதும், கழற்றி மாட்டுவதுதான் இங்கே கோடை முழுக்க வேலை. அப்பாவின் மங்கி குல்லா மட்டும் வந்தே தீரும், அதில் நான் தலையிடவில்லை. மேசை விசிறி ஒன்று ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுவேன்.

ஆக, மே 19இல் திருவனந்தபுரத்தில் ஏறி ஜூன் 22இல் திரும்புவதாக டிக்கெட் போட்டாயிற்று. மே கடைசி வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அந்த வாரம் எல்லோரும் ஈஸ்ட்போர்ன். அறைக்குக் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம், பரவாயில்லை. பள்ளி நாளில் பிள்ளைகளை நிறுத்தினால் அபராதம் கட்ட வேண்டும், வேறு வழி இல்லை. ஜூன் இரண்டாம் வாரம் நான் விடுப்புப் போட்டு அம்மாவையும் அப்பாவையும் மட்டும் ஏரிகளுக்குக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். அதற்கு இப்போது அறை போடவில்லை. பள்ளி நாள் என்பதால் கடைசி நேரத்திலும் கிடைக்கும், நான்கைந்து நாள் முன்னால் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்தால் போதும்.

ஈலிங் தேரைப் பார்க்க முடியாது என்பதுதான் அம்மாவுக்கு வருத்தம். மகளிடம் தேரன்று வீடியோ காலில் காட்டச் சொல்லியிருக்கிறாள், தான் அப்போது குற்றாலத்தில் இருந்தாலும் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நிற்பாளாம்.